கைவிசேஷமும் சேமிப்புப் புத்தகமும்

பிள்ளையின் பிறந்தநாளுக்கு எதைக் கொடுப்பது, அதன் கையில் எந்த வயதிற் காசைக் கொடுப்பது, காசைப் பற்றி அதற்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்பவை வீட்டுக்குள் எழுந்து வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும் கேள்விகள் என்று நாம் எண்ணுகின்றோம். போர்களுக்கும் அரசுகளுக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கும் வரலாற்று நூல்களில் இவற்றுக்கு ஒரு வரியும் கிடைப்பதில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தனது பொருளியல் உறவுகளை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கும் இடங்களுள் இவையும் முக்கியமானவை. உழைப்பு, உடைமை, கடன், கொடை என்பன பற்றிய முதலெண்ணங்கள் பாடசாலையிற் பொருளியல் பாடம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, ஒரு நாணயத்தின் வடிவிற் பிள்ளையின் உள்ளங்கையில் வந்து விழுந்துவிடுகின்றன.

காலி வீதியை ஒட்டிய தெஹிவளை, வெள்ளவத்தைப் பகுதிகளிலும் நகரின் வடக்கே கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிற் பிள்ளையின் கைக்குக் காசு வரும் வழிகள் மூன்று. சித்திரைப் புத்தாண்டிற் பெரியோர் தரும் கைவிசேஷம் ஒன்று. பிறந்தநாளன்று உறவினர் உறையிலிட்டுத் தரும் அன்பளிப்பு மற்றொன்று. வங்கி கொடுத்த உண்டியலில் அவ்வப்போது விழும் சில்லறை மூன்றாவது. இம்மூன்றும் ஒரே காலத்திற் பிறந்தவை அல்ல. ஒரே பாடத்தைப் புகட்டுபவையும் அல்ல. ஒவ்வொன்றும் எந்தச் சமுதாய நிலையில் தோன்றியது, பிள்ளைக்கு எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாமல் மறைக்கிறது என்று ஆராய்வது ஆசிரியர்களாகிய நமக்கு வீண் வேலையாகாது.

பிறந்தநாளிலிருந்தே தொடங்குவோம். மெழுகுதிரி நட்ட கேக்கும் வண்ணத்தாள் சுற்றிய பரிசுப் பெட்டியும் ஆங்கில ஆட்சியின் வழியே நகர்ப்புற மத்திய வகுப்பினரிடம் வந்து சேர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறந்தநாளைக் கொண்டாடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் அரசனின் பிறந்தநாட் பெருமங்கலத்தைக் கூறுகின்றது. அந்நாளில் அரசன் சினம் தவிர்ந்து, போரும் கொலையும் ஒழித்து, இறை தள்ளி, தானம் செய்வான் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். முதலாம் இராசராசனின் பிறந்த மீனாகிய சதயத்திற் கோயில்களில் விழா நடத்த நிவந்தங்கள் விடப்பட்டதைச் சோழர் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

இங்கே ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. அன்றைய வழக்கிற் பிறந்தநாள் உடையவனே கொடுப்பவன், சுற்றியிருந்தோர் பெறுபவர். இன்று அத்திசை முற்றாகத் திரும்பிவிட்டது. ஒரே ஓரிடத்தில் மாத்திரம் பழைய திசை அழியாமல் எஞ்சியிருக்கின்றது. நமது பாடசாலைகளிற் பிறந்தநாட் பிள்ளை வகுப்பு முழுவதற்கும் டொபி பகிர்ந்து கொடுக்கிறதே, அதுதான் அவ்விடம். இதைச் சொல்லும்போது பழமையைப் போற்றிப் பாடுவது நமது நோக்கமன்று. அரசன் வழங்கிய தானம் உழவன் கட்டிய இறையிலிருந்தே வந்தது. ஒரு நாள் இறையைத் தள்ளிவைத்தவன் மற்றெல்லா நாளும் அதை அறவிட்டவனே. கொடுப்பவனின் பெருமை பேசப்பட்டது. விளைவித்தவனின் பெயர் விடுபட்டது. இவ்விடுபாடு காசைப் பற்றிய ஏறக்குறைய எல்லாப் பாடங்களிலும் தொடர்ந்து வருவதை இனிக் காண்போம்.

கைவிசேஷம் மக்களின் வழக்கு. புத்தாண்டு பிறந்தபின், நல்ல நேரம் பார்த்து, வீட்டுத் தலைவர் வெற்றிலையில் வைத்த காசை ஒவ்வொருவரின் கையிலும் கொடுப்பார். அதைப் பெற்ற பிள்ளை பெரியோரை வணங்கும். சிங்கள மக்களிடையே இதே நாளில் ‘கனுதெனு’ நிகழ்கின்றது. கிராமங்களிற் பெண்கள் கிணற்றோடும் இந்தக் கொடுக்கல் வாங்கலைச் செய்து, புதிய ஆண்டின் முதல் நீரை அள்ளுவது மரபு. தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் நம் அயலவராகிய முஸ்லிம் பிள்ளைகள் பெருநாட் காசை எதிர்பார்த்துப் பெரியோரின் வீடுகளுக்குச் செல்கின்றனர். கேரளத்து விஷுக் கைநீட்டமும் இதன் உறவே.

இவ்வழக்குகள் அனைத்துக்கும் பொதுவான பொருளியற் பின்னணி ஒன்றுண்டு. நெல்லும் தேங்காயும் உழைப்புமே பெரும்பாலும் கைமாறிய கிராமப் பொருளாதாரத்தில் நாணயம் அருமையான பண்டம். ஆண்டுக்கொரு முறை அது கைக்கு வருவதே விசேஷம். அக்காசின் தொகையை எவரும் கணக்கிடவில்லை. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்பதே அதன் பெறுமதி. பணம் மனிதரிடையே செல்லும் உறவு என்ற உண்மையைக் கைவிசேஷம் ஓரளவு வெளிப்படையாகவே காட்டிற்று.

ஆனால் அவ்வுறவு சமமானவர்களின் உறவாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து நிலவுடைமை வீடுகளிற் பிள்ளைகள் உள்வீட்டில் கைவிசேஷம் பெற்ற அதே நாளில், அவ்வீட்டுக்கு ஆண்டு முழுவதும் தொழில் செய்த குடிமக்கள் முற்றத்தில் நின்று பெற்றனர். இரண்டையும் ஒரே கைதான் கொடுத்தது. உள்ளே நின்ற பிள்ளை அன்பைக் கற்றது. அதே வேளையில், யாருக்கு எங்கே நிற்க உரிமையுண்டு என்பதையும் கற்றது. காசு கைமாறும் இடத்திற் சாதியும் கைமாறியது. கைவிசேஷத்தைப் பண்பாட்டுச் செல்வமாக மட்டும் எழுதுவோர் இந்த முற்றத்தை மறந்துவிடலாகாது.

உண்டியலின் வரலாறு வேறு. அது ஆட்சியாளரிடமிருந்து இறங்கி வந்தது. 1832ஆம் ஆண்டு இலங்கைப் பொருளியலில் ஒரு திருப்புமுனை. கோல்புறூக் விசாரணைக் குழுவின் சிபாரிசுகளை அடுத்து, கூலியின்றிக் கட்டாய ஊழியம் வாங்கிய இராசகாரிய முறை அவ்வாண்டில் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் தேசாதிபதி வில்மட் ஹோட்டன் காலத்தில் இலங்கைச் சேமிப்பு வங்கி கொழும்பில் நிறுவப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே ஆண்டில் நேர்ந்தமை வெறும் தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று. கட்டாய ஊழியத்திலிருந்து விடுபட்ட மனிதன் இனிக் கூலிக்கு உழைக்க வேண்டும். கூலி காசாக வர வேண்டும். அக்காசைச் சிக்கனமாகச் செலவிடும் பழக்கமும் அவனிடம் வளர வேண்டும். தோட்ட முதலாளித்துவம் கால்கொள்வதற்கு இம்மூன்றும் தேவைப்பட்டன. 1872இல் ரூபாவும் சதமும் தசம முறையில் நடைமுறைக்கு வந்தபோது, காசுக் கணக்கு பாடசாலைப் பிள்ளையும் எளிதிற் செய்யக்கூடிய கணக்காயிற்று.

அந்தக் காசு எத்தகைய அடித்தளத்தின் மேல் நின்றது என்பதைச் சில ஆண்டுகளில் நாடு அறிந்துகொண்டது. 1869இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களைப் படிப்படியாக அழித்தது. தோட்டங்களோடு பிணைந்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதத்தில் முறிந்தது. அவ்வங்கியின் நோட்டுகள் நாட்டு மக்களின் கைகளிற் புழங்கிக்கொண்டிருந்தன. மக்கள் கலங்கினர். தேசாதிபதி ஆதர் கோடன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்தார். அவ்வாண்டிலேயே நோட்டு வெளியிடும் அதிகாரம் தனியார் வங்கிகளிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டாகிய 1885இல் தபாற் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. கிராமத்துத் தபாற் கந்தோரிற் சிறு தொகையையும் வைப்பிலிடும் வசதி இவ்வாறு ஏற்பட்டது. ஒரு பூஞ்சணம் கோப்பி இலையைத் தின்றதற்கும் ஏழையின் சேமிப்புப் புத்தகம் பிறந்ததற்கும் இடையே இத்தகைய தொடர்பு உண்டு.

சேமிப்பைச் சிறுவரின் ஒழுக்கப் பாடமாக ஆக்கியது ஐரோப்பாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு. இங்கிலாந்தில் 1861இல் தபாற் சேமிப்பு வங்கி அமைந்தது. சாமுவெல் ஸ்மைல்ஸ் சிக்கனத்தைப் பற்றியே 1875இல் ஒரு நூல் வெளியிட்டார். பெல்ஜியத்தின் கெண்ட் நகரிற் சட்டப் பேராசிரியராக இருந்த பிரான்சுவா லோறன் 1866 முதல் பாடசாலைச் சேமிப்பு முறையைப் பரப்பினார். பிள்ளைகள் கொண்டுவரும் சிறு காசை ஆசிரியரே வாங்கிப் பதிந்து வங்கியிற் சேர்ப்பார். கெண்ட் பஞ்சாலைகள் நிறைந்த தொழிலாளர் நகரம் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். 1924இல் மிலான் நகரிற் கூடிய சேமிப்பு வங்கிகளின் சர்வதேச மாநாடு ஒக்டோபர் 31ஆம் நாளை உலகச் சிக்கன நாளாக வகுத்தது. தமிழ்நாட்டிலும் இந்தியாவின் ஏனைய மாநிலங்களிலும் 1970இன் பின்னர் பாடசாலைகளில் நடந்த ‘சஞ்சாயிகா’ சிறுசேமிப்புத் திட்டத்தை அங்கு படித்த தலைமுறையினர் நன்கு அறிவர்.

இவ்வியக்கத்தில் நன்மை இல்லையென்று நாம் சொல்லவில்லை. கந்துவட்டிக்காரனிடம் சிக்கிய ஏழைக்குத் தபாற் கந்தோர்ப் புத்தகம் ஒரு கவசம். லோறன் போன்றோர் தொழிலாளர்மீது கொண்ட பரிவும் பொய்யன்று. குறை வேறிடத்தில் இருந்தது. வறுமை சிக்கனமின்மையால் விளைவது என்ற கருத்து அப்பாடத்தினுள் மறைந்து வந்தது. சேமிக்கும் பிள்ளை நல்ல பிள்ளை. சேமிக்காத பிள்ளை ஊதாரி. அப்படியானால் சேமிப்பதற்கு ஒன்றுமே இல்லாத பிள்ளை எந்த வகையைச் சேர்ந்தது? இக்கேள்வியை அவ்வியக்கம் கேட்கவில்லை.

அப்பிள்ளை நமது மலைநாட்டில் இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1929 தொடக்கத்திலிருந்து தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி வகுக்கப்பட்டது. உயர்நாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். இடைநாட்டில் முறையே 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30. இவ்வெண்களை மீண்டும் ஒரு முறை வாசியுங்கள். ஒரு பிள்ளையின் ஒரு நாள் இத்தனை சதம் என்று அரசாங்கமே சட்டத்தில் எழுதிவைத்தது. அச்சட்டம் அதற்கு முந்திய நிலையைவிட முன்னேற்றமானதாகவே கருதப்பட்டது என்பதே அதற்கு முந்திய நிலை யாது என்பதற்குச் சான்று. கடனைச் சுமந்துகொண்டு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் குடும்பத்தை மாற்றிய ‘துண்டு’ முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டிருந்தது.

தோட்டத்துப் பிள்ளைக்குக் காசைப் பற்றிய முதற் பாடம் உண்டியலில் தொடங்கவில்லை, செக்றோலில் தொடங்கியது. கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’ என்ற சொல்லின் பொருள் அதற்கு எவரும் விளக்காமலே விளங்கிற்று. கொழும்பிலே ஒரு பிள்ளை சேமிப்பின் சிறப்பைப் பற்றிக் கட்டுரை எழுதிய அதே ஆண்டுகளில், நுவரெலியாவில் இன்னொரு பிள்ளை அந்நாட்டின் செல்வத்தைத் தன் விரல்களாற் கிள்ளிக் கூடையில் இட்டுக்கொண்டிருந்தது. முதற்பிள்ளையின் உண்டியலிலும் அத்தேயிலையின் வருமானத்திலிருந்து ஒரு துளி வந்து விழுந்திருக்கும். இவ்விரு பிள்ளைகளையும் ஒரே பாடத்திற் சேர்த்துச் சொல்லாதவரை, காசைப் பற்றி நாம் சொல்வது பாதிப் பாடமே.

மலைநாட்டைத் தேடிப் போகாமலே இதை உணர வழியுண்டு. தெஹிவளைக்கு அயலிலுள்ள வெள்ளவத்தையில், அடுக்குமாடிகள் எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே, நூற்பும் நெசவும் நடந்த பெரிய ஆலை ஒன்று இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரும் உள்ளூர்த் தொழிலாளரும் அங்கு உழைத்தனர். 1933இல் அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் அவர்களுக்குத் துணைநின்றனர். இரண்டு ஆண்டுகளின் பின், 1935இல், இந்நாட்டின் முதல் இடதுசாரிக் கட்சியாகிய லங்கா சமசமாஜக் கட்சி அமைவதற்கு இப்போராட்டமும் ஒரு படியாயிற்று. இன்று அப்பகுதியின் துணிக்கடைகளிற் பிறந்தநாட் சட்டை வாங்கும் பிள்ளைக்கு, ‘இந்த ஊரில் ஒரு காலம் நூல் நூற்றவர்கள் கூலிக்காகப் போராடினார்கள்’ என்று சொன்னால், அச்சட்டையின் விலைச்சீட்டில் இல்லாத ஒரு செய்தியை அது கற்றுக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கான கொடையின் வரலாற்றில் தனியொரு இடம் 1945க்கு உண்டு. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் அவ்வாண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1980இல் இலவசப் பாடநூல்களும் 1993இல் இலவசச் சீருடைத் துணியும் வந்தன. எந்தப் பெற்றோரும் தனியே வாங்கிக் கொடுக்க இயலாத பரிசு இது. எல்லோருடைய காசும் பொதுவில் திரண்டு, எல்லோருடைய பிள்ளைக்கும் சென்றது. வாழ்த்துமடல் இல்லாத, நன்றிக் கடன் எதிர்பாராத கொடை. உறையிலிட்டுத் தரும் பணத்தைப் பெரிதாகக் காணும் பிள்ளை, தன் கையிலுள்ள பாடநூல் யாருடைய பரிசு என்பதை அறியாமல் வளர்வது நமது கற்பித்தலின் குறைபாடு.

பொதுக்கொடை ஒரு முறை கிடைத்துவிட்டால் நிலைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 1953 யூலையில் அரசாங்கம் ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஒரு கொத்துக்கு 45 சதம் ஏறியபோது எந்தச் சிறுசேமிப்பால் அதை ஈடுசெய்ய முடியும்? நாட்டு மக்கள் ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலில் அதற்கு விடை கூறினர். உயிர்கள் பலியாயின. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூட நேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். வீட்டுச் செலவின் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியே தீர்மானிக்கப்படுகிறது என்ற பாடம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் கிடையாது.

சேமிப்புப் புத்தகமும் அவ்வாறே. 1971ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, இலங்கைச் சேமிப்பு வங்கி, தபாற் சேமிப்பு வங்கி, சேமிப்புச் சான்றிதழ் நிதி, தேசிய சேமிப்பு இயக்கம் ஆகியன ஒன்றிணைந்து தேசிய சேமிப்பு வங்கி ஆயின. 1972இல் அது பணியைத் தொடங்கியது. வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழுப் பொறுப்பு உண்டு. வைப்புப் பணத்தில் 60 விழுக்காட்டுக்குக் குறையாத பகுதி அரசாங்கப் பிணையங்களில் இடப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. அதாவது, பிள்ளை உண்டியலை உடைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் காசில் ஒரு பெரும்பகுதி அரசாங்கத்துக்குக் கடனாகச் செல்கின்றது. இது வெட்கப்பட வேண்டிய செய்தியன்று. அக்கடன் வீதியாகவும் வைத்தியசாலையாகவும் மாறக்கூடும். வீண் ஆடம்பரமாகவும் ஆயுதமாகவும் மாறக்கூடும். கடன் கொடுத்தவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. பிள்ளையும் இந்நாட்டுக்குக் கடன் கொடுத்த ஒரு குடிமகன் என்பதை அதற்கு எவரும் சொல்வதில்லை.

இப்பகுதியில் வாழும் தமிழர் காசையும் பொருளையும் பற்றிப் பேசும்போது 1983 யூலையைத் தாண்டிச் செல்ல முடியாது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, சூறையாடப்பட்டன. பல ஆண்டுச் சம்பளம் தளபாடமாகவும் கடைச் சரக்காகவும் மாறி நின்றது. சில மணி நேரத்திற் சாம்பலாயிற்று. கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு மக்கள் அகதி முகாம்களுக்கும், பின்னர் கப்பலில் வடக்குக்கும் சென்றனர். குழந்தைக்கு முதற் பரிசாக ஒரு பவுண் நகை போடும் வழக்கம் நம்மவரிடையே பழையது. இடம்பெயர்ந்தவர்க்கு அது ஆடம்பரமாக மட்டும் தோன்றாததன் காரணம் இவ்வனுபவத்தில் உண்டு. மனிதர் ஒருவரோடொருவர் அச்சமின்றி வாழும் நாட்டில்தான் எந்தச் சேமிப்பும் சேமிப்பாக இருக்கும்.

1977இன் பின்னர் திறந்துவிடப்பட்ட பொருளாதாரம் பிள்ளையை இன்னொரு கண்ணோடு பார்த்தது. இறக்குமதிப் பொம்மைகள் கடைகளை நிறைத்தன. வங்கிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுச் சிறுவர் கணக்குகளைத் திறந்தன. வைப்புத் தொகை ஒவ்வொரு படியாக ஏற ஏற, உண்டியல், புத்தகப்பை என்று பரிசுகளும் ஏறும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் சித்தியடையும் கணக்காளப் பிள்ளைகளுக்குத் தனிப் பரிசு உண்டு. சித்திரைப் புத்தாண்டில், நல்ல நேரத்துக்கு வங்கிகளும் கதவைத் திறந்து கனுதெனுவுக்கு அழைக்கின்றன. கிணற்றோடும் அயலோடும் நடந்த கொடுக்கல் வாங்கல் இப்போது வங்கி முகப்பில் நடக்கின்றது. கைவிசேஷம் வாங்கிய கையிலிருந்து காசு நேரே வைப்பாகின்றது. முன்னர் ஒழுக்கமாகப் போதிக்கப்பட்ட சிக்கனம், இப்போது பரிசு பெறும் வழியாக விற்கப்படுகின்றது. சேமித்தால் ஏதாவது கிடைக்கும் என்று கற்ற பிள்ளை, ஏதும் கிடைக்காதபோது எதற்காகச் சேமிக்கும்?

பிறந்தநாட் பரிசும் இதே காற்றில் அடிபட்டது. கொடை என்பது ஒருபோதும் முற்றிலும் இலவசமன்று என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் எழுதிய கட்டுரையில் விரிவாகக் காட்டினார். கொடுத்தல், பெறுதல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் கடப்பாடுகள் என்றார் அவர். மொய் எழுதும் நமக்கு இது புதுச் செய்தியன்று. பெரியவர்களிடையே மொய்க் கணக்கு ஒரு வகைப் பரஸ்பர உதவி. ஆனால் அக்கணக்கை ஆறு வயதுப் பிள்ளைகளின் மேல் ஏற்றும்போது நிகழ்வது யாது? தோழனின் பிறந்தநாள் விருந்துக்கு அழைப்பு வந்தால், வெறுங்கையோடு போக இயலாத வீட்டுப் பிள்ளை ‘அன்று காய்ச்சல்’ என்கிறது. மறுநாள் வகுப்பில் யார் என்ன கொடுத்தார் என்ற பேச்சு நடக்கும்போது அது தலைகுனிந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கின்றது. நம்மில் எவரும் இக்காட்சியைக் காணாதவரல்லர். வர்க்கம் என்ற சொல்லைப் பல்கலைக்கழகத்திற் கற்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே அப்பிள்ளை அதன் பொருளைக் கற்றுவிடுகின்றது.

2022இல் நிகழ்ந்தது இவையனைத்துக்கும் ஒரு பரீட்சை. தாள் இன்மையால் அவ்வாண்டு மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. ஏப்பிரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஓராண்டு விலையேற்றம் 69.8 விழுக்காடு, உணவுப் பொருள்களில் மாத்திரம் 94.9 விழுக்காடு. இதை வகுப்பிற் கணக்காகச் செய்து பார்க்கலாம். 2021 செப்ரெம்பரில் 1,000 ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு ஓராண்டின் பின் 1,698 ரூபா வேண்டும். உணவாயின் 1,949 ரூபா. உண்டியலில் 1,000 ரூபாவைப் பத்திரமாக வைத்திருந்த பிள்ளை ஒரு சதத்தையும் வீணாக்கவில்லை. ஆனால் முன்பு வாங்கக்கூடியதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கை மட்டுமே இப்போது வாங்க முடிந்தது. மீதி இரண்டு பங்கு எங்கே போயிற்று? இது ஊதாரித்தனத்தின் விளைவா? அப்பிள்ளை செய்த தவறு யாது? நேர்மையான ஆசிரியர் எவரும் இக்கேள்விக்குச் சிக்கனத்தைப் பற்றிய ஒழுக்கப் பாடத்தை விடையாகச் சொல்ல முடியாது.

ஆகவே நாம் செய்யக்கூடியது யாது? சேமிப்பைக் கைவிடச் சொல்வது விடையன்று. நாளையைப் பற்றி எண்ணும் பழக்கம் உழைக்கும் மக்களுக்குத் தேவையானது. உண்டியலோடு அதன் வரலாற்றையும் சேர்த்துக் கொடுப்பதே விடை. பிள்ளையின் கையில் ஒரு நூறு ரூபாவைக் கொடுக்கும்போது, அது எத்தனை நிமிட உழைப்பு என்பதையும் சொல்லலாம். தந்தையின் அல்லது தாயின் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுக்க ஐந்தாந் தரப் பிள்ளைக்குத் தெரியும். சந்தைக்கு அழைத்துச் சென்று கத்தரிக்காயின் விலையைக் கேட்கச் செய்வதோடு, அதில் உழவருக்கு எவ்வளவு, வண்டிக்காரருக்கு எவ்வளவு, கடைக்காரருக்கு எவ்வளவு என்று விசாரிக்கச் செய்யலாம். வீட்டில் பணமுடை இருந்தால் அதைப் பிள்ளையிடமிருந்து மறைப்பதைவிட, அதன் வயதுக்கேற்ற அளவிற் சொல்வது நன்று. மறைக்கப்பட்ட வறுமையைப் பிள்ளை வெட்கமாக உணரும். விளக்கப்பட்ட வறுமையை அது ஒரு கேள்வியாக உணரும்.

பரிசைத் தெரிவு செய்வதிலும் சில வழிகள் உண்டு. வகுப்பிற் பிறந்தநாட் பரிசுக்கு உச்ச எல்லை வகுக்கலாம். அதைவிட, ஆளுக்குச் சிறு காசு சேர்த்து, வகுப்பு முழுவதன் பெயராலும் ஒரு நூல் வாங்கிக் கொடுக்கலாம். கொடுத்த பிள்ளையின் பெயர் தனித்துத் தெரியாத இடத்தில், கொடுக்க இயலாத பிள்ளையின் பெயரும் தெரியாது. பிறந்தநாட் பிள்ளையே வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுக்கலாம். நமது பழைய பெருமங்கலத்தின் திசையும் அதுவே, அரசனை நீக்கிவிட்டு. வேறொரு மொழி பேசும் அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கைவிசேஷம் கொடுப்பதும், அவ்வீட்டின் பெருநாட் காசை நம் பிள்ளை பெறுவதும், 1983ஐக் கண்ட தெருக்களிற் சிறு காரியங்களல்ல. சேவகம் செய்ய வருபவரின் பிள்ளைக்குக் கொடுப்பதாயின் அதை முற்றத்தில் வைத்துக் கொடுக்காமல் இருப்போம்.

தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, கையிற் புழங்கும் காசு. மற்றொன்று, சொல்லிலும் செயலிலும் உள்ள நேர்மை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய மக்கள், காசு நம்பிக்கையின் மேல் நிற்பது என்பதை அறிந்திருந்தனர். 1884இல் வங்கி முறிந்தபோதும் 2022இல் நாடு கடனை நிறுத்தியபோதும் முறிந்தது அந்த இரண்டாவது பொருளே. பிள்ளைக்கு முதற் பொருளை மட்டும் கற்பித்து, இரண்டாவதை அதன் தனிப்பட்ட நற்குணமாகச் சுருக்கிவிடுவது போதாது. ஆள்வோரிடமும் முதலாளியிடமும் வங்கியிடமும் அந்நாணயத்தைக் கேட்கும் தகுதி அதற்கு வர வேண்டும். கொழுந்து கிள்ளிய 32 சதப் பிள்ளையின் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை. அக்கணக்கை நமது பிள்ளைகள் அறிந்து வளர்வார்களாயின், அவர்களுக்கு நாம் கொடுத்த பரிசுகளுள் அதுவே காலத்தால் பெறுமதி குறையாததாக இருக்கும்.